கை நடுங்குதா? அவசரப்பட்டுப் பெயர் வைக்காதீர்கள்

நாகர்கோவில் வடசேரி பேருந்து நிலையத்தில் கால் மணி நேரம் நின்றால் போதும், ஏதாவது ஒரு சுவரில் 'நரம்புத் தளர்ச்சியா?' என்று கேட்கும் சுவரொட்டி கண்ணில் பட்டுவிடும். கீழே ஒரு லாட்ஜின் பெயரும், மாதத்தில் எந்தத் தேதியில் வைத்தியர் வருவார் என்பதும் இருக்கும். கை நடுங்கினால் நரம்புத் தளர்ச்சி. கால் மரத்தால் நரம்புத் தளர்ச்சி. தூக்கம் வராவிட்டாலும் அதுதான், புது மாப்பிள்ளையின் பயமும் அதுதான். இன்றைய மருத்துவப் பாடத்தில் இப்படி ஒரு நோயே கிடையாது.

படித்தவர்கள் பக்கம் வேறொரு அவசரம். அப்பாவின் கை கொஞ்சம் ஆடியதும் கைபேசியில் தேடிப் பார்த்து, அன்று மாலைக்குள் 'பார்க்கின்சன்' என்ற மூளை நோய்தான் என்று தீர்மானித்து, வீடே துக்க வீடாகிவிடும். மருத்துவ மாணவர்களுக்கு வகுப்பெடுப்பது என் வேலை. வார்டுக்கு வரும் முதல் வாரத்தில் அவர்களும் இதையேதான் செய்கிறார்கள். அவர்களுக்கு நான் சொல்வதைத்தான் இங்கே கலைச்சொற்களைக் குறைத்து எழுதுகிறேன்.

ஒரு கிளாஸ் சாயா

ஒருநாள் காலை இரணியல் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் வந்திருந்தார். வயது 72. சீட்டில் கையெழுத்துப் போடும்போது அவர் பேனா ஆடியதைப் பார்த்த மாணவி, "பார்க்கின்சன் சார்" என்று என் காதில் கிசுகிசுத்தார். "முதலில் அவருக்கு ஒரு சாயா வாங்கிக்கொடுங்கள்" என்றேன்.

சாயா வரும்வரை பெரியவர் மடியில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நடுக்கம் துளியும் இல்லை. கிளாஸை எடுத்தார். அது வாயை நெருங்க நெருங்க ஆட்டம் கூடியது. கடைசியில் இரண்டு கையாலும் பிடித்து, தலையைக் குனிந்து வாயைக் கிளாஸிடம் கொண்டுபோனார். சட்டையில் பழைய சாயாக் கறைகள்.

"எத்தனை வருசமா இருக்கு பாட்டா?" என்று மாணவி கேட்டார்.

"அது கெடக்கு மக்களே, பத்துப் பதினஞ்சு வருசமா. எங்க அப்பாவுக்கும் உண்டு. கல்யாண வீட்டுல பாயசம் குடிக்கதுதான் சள்ளை. சும்மா இருந்தா ஒண்ணும் இல்ல."

இவ்வளவுதான், நோய் தெரிந்துவிட்டது. பல ஆண்டுகளாக மெல்ல வளர்ந்தது, அப்பாவுக்கும் இருந்தது, கை வேலை செய்யும்போது மட்டும் வருகிறது. இதற்கு எசென்ஷியல் ட்ரெமர் என்று பெயர். வேறு நோய் எதுவும் காரணமாக இல்லாமல், கையை நீட்டும்போதும் பொருளைப் பிடிக்கும்போதும் வரும் நடுக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பார்க்கின்சனை விட இதுதான் அதிகம் காணப்படுவது. ப்ரொப்ரனலால், ப்ரிமிடோன் என்ற பழைய, மலிவான மருந்துகளில் பலருக்குக் குறையும். ஆஸ்துமா இருப்பவர்களுக்கு ப்ரொப்ரனலால் ஆகாது. சாயா கொட்டுவதைப் பொருட்படுத்தாதவர்களுக்கு மருந்தே வேண்டாம்.

பார்க்கின்சன் நடுக்கம் இதற்கு நேர் எதிர். கை சும்மா இருக்கும்போதுதான் அது வரும். மடியில் கை, எதிரே டிவி, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் விபூதியைத் தேய்ப்பதுபோல ஒன்றையொன்று உருட்டிக்கொண்டே இருக்கும், விநாடிக்கு 4 முதல் 6 தடவை. கிளாஸை எடுக்கக் கை நீட்டியதும் பெரும்பாலும் அடங்கிவிடும். ஆரம்பத்தில் ஒரு கையில்தான் இருக்கும்.

நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கே உரிய ஒரு சிக்கலையும் சொல்லிவிடுகிறேன். மேற்கே மார்த்தாண்டம், களியக்காவிளைப் பக்கம் "கை விறைக்கு" என்றால் கை நடுங்குகிறது என்று அர்த்தம், மலையாளத்து 'விற'யின் உறவு. கிழக்கே ஆரல்வாய்மொழிப் பக்கத்து ஆள் அதையே சொன்னால் கை மரக்கட்டைபோல் இறுகிக் கிடக்கிறது என்று பொருள்படக்கூடும். நடுக்கமும் இறுக்கமும் வேறு வேறு அறிகுறிகள். வெளியூரிலிருந்து படிக்க வந்த மாணவர்கள் இதில் தடுக்கி விழாமல் இருந்ததில்லை. அதனால் வார்த்தையை எழுதாதே, செய்துகாட்டச் சொல் என்பேன்.

பேச்சிப்பாறைத் தண்ணீரும் மடையும்

சரி, உள்ளே என்ன நடக்கிறது? சானல்கரையில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்குவது சுலபம்.

பேச்சிப்பாறை அணையிலிருந்து தண்ணீர் பெரிய சானலில் வந்து, கிளைச் சானல்களாகப் பிரிந்து, மடை வழியாக வயலுக்குப் பாய்கிறது. மடை எப்போதும் மூடித்தான் இருக்கும். எந்த வயலுக்குத் தண்ணீர் வேண்டுமோ அந்த மடையை மட்டும், வேண்டிய அளவு, வேண்டிய நேரம் திறப்பார்கள். எல்லா மடையையும் ஒன்றாகத் திறந்து விட்டால் நடு வயல் முங்கிப்போகும், கடைமடை காயும்.

உடலை அசைப்பதும் இப்படித்தான். மூளையின் மேற்பரப்பை அணை என்று வையுங்கள். அங்கிருந்து தண்டுவடம் வழியாகத் தசை வரைக்கும் போகும் நரம்புப் பாதைதான் சானல். மூளையின் ஆழத்தில் பேசல் கேங்க்லியா என்று சில நரம்பணுக் கொத்துகள் இருக்கின்றன. மடையைக் காப்பவர் அவர்தான். எல்லா அசைவுகளையும் அடக்கி வைத்திருப்பது அவருடைய இயல்பு. நீங்கள் சட்டைப் பொத்தானைப் போட நினைக்கும்போது அந்த விரல்களுக்கான மடையை மட்டும் தூக்கிவிட்டு, பக்கத்து மடைகளை இன்னும் இறுக்கி மூடுவார்.

மடைப் பலகை சிக்காமல் ஏற எண்ணெய் வேண்டுமே. அதுதான் டோபமின், நரம்பணுக்கள் தங்களுக்குள் சேதி சொல்லப் பயன்படுத்தும் ஒரு வேதிப்பொருள். நடுமூளையில் சப்ஸ்டான்ஷியா நைக்ரா என்ற சிறு பகுதியில் இருக்கும் அணுக்கள் இதைச் சுரந்து பேசல் கேங்க்லியாவுக்கு அனுப்புகின்றன. வெட்டிப் பார்த்தால் கறுப்பாகத் தெரிவதால் அந்தப் பெயர்.

உவமையை ரொம்பக் கிள்ளக் கூடாது. உண்மையில் மடை சானலின் வாலில் இல்லை. அணைக்குள்ளேயே, உத்தரவு உருவாகும் இடத்தில் இருக்கிறது. ஆனாலும் ஒன்றை மட்டும் இந்த உவமை தெளிவாகக் காட்டும். பக்கவாதத்தில் உடைவது சானல். தண்ணீரே வராது, கைக்குப் பலம் போய்விடும். நாம் பேசும் நோய்களில் சானல் நன்றாக இருக்கிறது, பலமும் இருக்கிறது. மடைதான் கோளாறு. 'வாதம்' என்ற ஒரே சொல்லில் இரண்டையும் போட்டுக் குழப்பினால் பிசியோதெரபியில் தொடங்கி மாத்திரை வரை எல்லாமே திசைமாறிப் போகும்.

மடை மூன்று விதமாகக் கெடும்

எண்ணெய் தீர்ந்துபோனால் பலகை மெதுவாகவும் பாதியளவும்தான் ஏறும். இது பார்க்கின்சன். அந்தக் கறுப்புப் பகுதியின் அணுக்கள் சிறுகச் சிறுக அழிகின்றன. வெளியில் அறிகுறி தெரிவதற்குள் ஏறக்குறைய பாதி போயிருக்கும். அதனால் இந்த நோயின் அடையாளம் மெதுவாதல்தான், நடுக்கம் அதற்கு அடுத்தபடி. மருத்துவர்கள் பின்பற்றும் வரையறையும் அதுதான்: அசைவு மெதுவாகியிருக்க வேண்டும், அதோடு ஓய்வில் நடுக்கமோ தசை இறுக்கமோ இருக்க வேண்டும். நடுக்கமே இல்லாமல் பார்க்கின்சன் வருபவர்கள் கணிசமாக உண்டு. தோள்வலி என்று வந்த ஒரு அம்மா நினைவுக்கு வருகிறார். வேறோர் இடத்தில் 8 மாதம் 'தோள் இறுக்கம்' என்று மின்சார ஒத்தடம் வைத்திருக்கிறார்கள். "தேங்காய் துருவ எவ்வளவு நேரமாகிறது?" என்று கேட்டேன். "முன்னே ஒரு மூடி துருவற நேரத்துல இப்போ கால் மூடிதான் சார்" என்றார். நடக்கும்போது அவரது இடது கை வீசவே இல்லை. யாரும் அவரை நடக்கச் சொல்லிப் பார்த்திருக்கவில்லை.

மடை மூடவே மாட்டேன் என்றால் வேண்டாத வயலுக்கெல்லாம் தண்ணீர் கசியும். கை, தோள், முகம் என்று இடம் மாறி மாறி, நாட்டியம்போல, நினைக்காமலே அசைவு வரும். இதற்குக் கொரியா (chorea) என்று பெயர். பள்ளிக்கூடப் பிள்ளைக்குத் தொண்டைப்புண் வந்து சில வாரங்களோ மாதங்களோ கழித்து இப்படி வரலாம். 'துறுதுறுவென்று இருக்கிறான், எழுத்து கோணலாகிவிட்டது' என்று அடி வாங்கிய பிள்ளைகள் உண்டு.

மூன்றாவது, ஒரு மடையைத் திறந்தால் எதிர் மடையும் சேர்ந்து திறந்துகொள்வது. மடக்கும் தசையும் நீட்டும் தசையும் ஒரே நேரத்தில் இழுக்க, அந்த இடம் முறுக்கிக்கொள்ளும். இது டிஸ்டோனியா. கழுத்து ஒரு பக்கம் திரும்பியே நிற்கலாம். சிலருக்குப் பேனா பிடித்தால் மட்டும் விரல்கள் முறுக்கும், அதே கையால் சோறு பிசையலாம், பூட்டுத் திறக்கலாம். இதைக் கண்டு 'நடிப்பு' என்று சொல்லாத வீடு குறைவு. முறுக்கும் தசையில் சிறிய அளவில் போட்டுலினம் ஊசி போட்டால் ஏறத்தாழ 3 மாதம் தளர்ந்திருக்கும், பிறகு மறுபடியும் போட வேண்டும்.

இதுவரை சொன்னதில் கையோடு கொண்டுபோக வேண்டியது: வேலை செய்யும்போது நடுங்கினால் ஒன்று, சும்மா இருக்கும்போது நடுங்கினால் வேறொன்று. பார்க்கின்சனுக்கு மெதுவாதல் கட்டாயம், நடுக்கம் கட்டாயமில்லை.

கண்ணால் படிக்கும் பாடம்

"எம்.ஆர்.ஐ. எடுத்தால் தெரியுமே சார்?" மாணவர்களும் கேட்கிறார்கள், நோயாளியின் மகனும் கேட்கிறார். வழக்கமான பார்க்கின்சனில் சாதாரண எம்.ஆர்.ஐ. படம் பெரும்பாலும் ஒன்றும் காட்டாது. சிறு ரத்த அடைப்புகள், மூளைக்குள் நீர் தேங்குதல் போன்ற வேறு காரணங்கள் இல்லை என்று உறுதிசெய்யத்தான் அது. ரத்தப் பரிசோதனையும் அதற்குத்தான். தைராய்டு கூடினாலும் கை நடுங்கும் அல்லவா?

ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817இல் இந்த நோயை விவரித்து எழுதிய சிறு நூலில் இருப்பது மொத்தம் 6 பேர். அவர்களில் சிலரை லண்டன் தெருவில் பார்த்ததோடு சரி, தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. கருவி எதுவும் இல்லாத அந்தக் காலத்து வழிதான் இன்றைக்கும் முதல் வழி.

அதனால் மாணவர்களுக்கு என் முதல் கட்டளை, நோயாளியைத் தொடாதே என்பது. அவர் கதவைத் திறந்து வருவதிலிருந்து நாற்காலியில் உட்காருவது வரை பார். கை வீசுகிறதா? திரும்பும்போது ஒரே சுழற்சியா, சின்னச் சின்ன எட்டுகளா? கண் சிமிட்டல் குறைந்திருக்கிறதா? உட்கார்ந்ததும் மடியில் கையை வைத்து 100இலிருந்து ஏழு ஏழாகக் குறைத்துச் சொல்லச் சொல். கணக்கில் மனம் போனதும் ஒளிந்திருந்த நடுக்கம் வெளியே வரும். பிறகு ஒரு கிளாஸிலிருந்து இன்னொன்றுக்குத் தண்ணீர் ஊற்றச் சொல். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் பெரிதாக, வேகமாகத் தட்டச் சொல். பார்க்கின்சனில் முதல் நாலைந்து தட்டு நன்றாக இருக்கும், அப்புறம் விரல்களுக்கு இடையே உள்ள தூரம் குறைந்துகொண்டே போகும். வெறுமனே மெதுவாகத் தட்டுவது வயதால் இருக்கலாம், மூட்டுவலியால் இருக்கலாம். இந்தச் சுருக்கம்தான் முக்கியம்.

இதே சுருக்கம் எழுத்திலும் வரும். நான் 'கன்னியாகுமரி மாவட்டம்' என்று மூன்று முறை எழுதச் சொல்வேன். நல்ல நீளமான பெயர், சோதனைக்கென்றே வைத்ததுபோல. முதல் 'க' புளியங்கொட்டை அளவு இருக்கும், மூன்றாவது வரியின் 'ம்' எறும்பு அளவு. எசென்ஷியல் ட்ரெமரில் எழுத்து சுருங்காது, கோடு அலை அலையாக ஆடும்.

இதை இவ்வளவு தெரிந்த நான் என் மாமாவிடம் கோட்டைவிட்டேன். ஓய்வுபெற்ற ஆசிரியர், குடும்பத்துக் கல்யாணக் கடிதங்களுக்கெல்லாம் விலாசம் எழுதுவது அவர்தான். ஒருமுறை வந்த கவரில் என் பெயர் பெரிதாகவும் பின்கோடு கண்ணாடி போட்டும் படிக்க முடியாதபடியும் இருந்தது. "மை மிச்சம் பிடிக்கிறீர்களா மாமா?" என்று போனில் கேலி செய்தேன். ஒன்றரை வருடம் கழித்து வலது காலை இழுத்துக்கொண்டு அவர் நடந்து வந்தபோதுதான் அந்தக் கவர் நினைவுக்கு வந்தது.

மருந்துப் பையைக் கொட்டுங்கள்

அடுத்த கட்டளை, மஞ்சள் பையில் இருக்கும் மாத்திரைகளையெல்லாம் மேசையில் கொட்டச் சொல்வது. என் கணக்கில் இது எந்த ஸ்கேனையும் விட மேல்.

டோபமின் போய்ச் சேரும் இடத்தை அடைத்துக்கொள்ளும் மருந்துகள் பல. மனநோய்க்கான சில மருந்துகள் அப்படிப்பட்டவை என்பது பலருக்குத் தெரியும். ஆனால் வாந்திக்குப் போடும் மெட்டோகுளோப்ரமைடு, தலைசுற்றலுக்கும் ஒற்றைத் தலைவலிக்கும் கொடுக்கும் ஃப்ளுனரிசின், 'கேஸ் மாத்திரை' என்று நாம் வாங்கும் சில கேப்சூல்களில் கலந்திருக்கும் லெவோசல்பிரைடு ஆகியவையும் இதைச் செய்யும். வயதானவர்கள் மாதக்கணக்கில் சாப்பிட்டால் பார்க்கின்சனை அச்செடுத்ததுபோல் நடை தளர்ந்து, முகம் உறைந்து போவார்கள். மருந்தை நிறுத்தினால் வாரங்களிலோ மாதங்களிலோ பெரும்பாலோர் மீள்வார்கள். இது தெரியாமல் கேஸ் மாத்திரையையும் தொடர்ந்து, அதன்மேல் பார்க்கின்சன் மாத்திரையும் கொடுத்தால் ஒரு காலால் ஆக்சிலேட்டரையும் மறுகாலால் பிரேக்கையும் மிதித்த கதைதான். ஆனால் மனநோய் மருந்தை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், கொடுத்தவரிடமே போய்ச் சொல்லுங்கள்.

இளையவர்களுக்கு இது சட்டென்று வேறு வடிவத்தில் வரும். நடுராத்திரி, 19 வயதுப் பெண், கழுத்து பின்னால் வளைந்து கண் மேலே சொருகி நிற்கிறது, நாக்கு வெளியே. கழுத்தில் புதிதாகக் கட்டிய கறுப்புக் கயிறு, நெற்றியில் எண்ணெய். பேய் பிடித்துவிட்டது என்று இரண்டு இடங்களுக்குக் கொண்டுபோய்விட்டுத்தான் மருத்துவமனைக்கு வந்திருக்கிறார்கள். அன்று காலை வாந்திக்கு ஊசி போட்டிருந்தது. ப்ரொமெத்தசின் ஊசி ஒன்று போட்டதும் சற்று நேரத்தில் எழுந்து உட்கார்ந்து தண்ணீர் கேட்டாள். டிஸ்டோனியாவின் அவசர வடிவம் இது.

இன்னொன்றும் விட்டுவிடக் கூடாதது. 40 வயதுக்குக் கீழே நடுக்கமோ முறுக்கலோ வந்தால் வில்சன் நோய் இல்லை என்று உறுதிசெய்ய வேண்டும். செம்பு உடலைவிட்டு வெளியேறாமல் ஈரலிலும் மூளையிலும் சேரும் பரம்பரை நோய் அது. கருவிழி ஓரத்தில் பழுப்பு வளையம் தெரியலாம். சொந்தத்துக்குள் கல்யாணம் செய்த குடும்பங்களில் வாய்ப்பு அதிகம். சீக்கிரம் கண்டுபிடித்தால் மருந்தில் நிற்கும், விட்டால் உயிரையே எடுக்கும்.

சர்ப்பகந்தி, முயல், பூனைக்காலி

சிகிச்சைக்கு வழி திறந்ததில் நம் மலைக்காட்டுச் செடிக்கும் பங்குண்டு. சர்ப்பகந்தியின் வேரிலிருந்து எடுத்த ரெசர்பின் ஒரு காலத்தில் ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கப்பட்டது. 1957இல் சுவீடனின் அர்விட் கார்ல்சன் அதை முயல்களுக்குக் கொடுத்தபோது அவை காது தொங்கி அசையாமல் கிடந்தன, மூளையில் டோபமின் வற்றிவிட்டது. லெவோடோபா என்ற பொருளை ஊசியாகப் போட்டதும் முயல்கள் எழுந்து ஓடின. டோபமின் நேரடியாக மூளைக்குள் நுழையாது. லெவோடோபா நுழைந்து, அங்கே போய் டோபமினாக மாறும். 1960இல் வியன்னாவில் ஹோர்னிகேவிச், பார்க்கின்சன் நோயாளிகளின் மூளையில் டோபமின் குறைந்திருப்பதைக் காட்டினார். 1967இல் அமெரிக்காவில் கொட்சியஸ் லெவோடோபா கலந்த மருந்தை வாய்வழியாகக் கொடுத்து ஆட்களை நடக்கவைத்தார். கார்ல்சனுக்கு 2000இல் நோபல் பரிசு.

பள்ளியில் நண்பன் சட்டைக்குள் போட்டுச் சொறியவிட்ட பூனைக்காலி ஞாபகம் இருக்கிறதா? அதன் விதையில் இருப்பதும் இதே லெவோடோபாதான். 1937இலேயே சென்னையில் அதைப் பிரித்தெடுத்துவிட்டார்கள். கம்பவாதத்துக்கு (நடுக்க நோய்க்கு நாட்டு வைத்தியத்தில் உள்ள பெயர்) வைத்தியர்கள் அதைப் பயன்படுத்தியதில் நியாயம் இருந்திருக்கிறது. ஆனால் ஒவ்வொரு பொடியிலும் அளவு ஒவ்வொரு மாதிரி. மாத்திரை சாப்பிடுபவர் சொல்லாமல் பொடியையும் சேர்த்துக்கொண்டால் அளவு மீறி, உடல் பாம்புபோல நெளியத் தொடங்கும்.

மாத்திரையும் மீன்குழம்பும்

கடையில் கிடைக்கும் மாத்திரையில் லெவோடோபாவோடு கார்பிடோபாவும் இருக்கும். வழியிலேயே டோபமினாக மாறி வீணாகாமல் அது காவல் காக்கிறது. குமட்டலும் குறையும்.

புரதம் இதற்குப் போட்டி. குடலிலிருந்து ரத்தத்துக்குள்ளும், ரத்தத்திலிருந்து மூளைக்குள்ளும் இரண்டும் ஒரே வாசல் வழியாகப் போக வேண்டும். கடற்கரை ஊர்களில் மூன்று நேரமும் மீன்தான். மத்தியானம் சாளைக் குழம்பும் வறுத்த மீனுமாகச் சாப்பிட்ட கையோடு மாத்திரை போட்டால் அன்றைக்கு அது ஏறவே ஏறாது, "மருந்து கேட்கவில்லை" என்று வருவார்கள். சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் போட்டால் போதும். மீனை நிறுத்தச் சொன்னால் நம் ஊரில் மருத்துவரைத்தான் மாற்றுவார்கள், அதற்கு அவசியமும் இல்லை.

சீக்கிரம் தொடங்கினால் பிறகு மருந்து செல்லாது என்று ஒரு பயம் பரவியிருக்கிறது. ஆண்டுகள் போகப்போக மாத்திரையின் பலன் சில மணி நேரத்திலேயே தீர்வது உண்மை. ஆனால் அதற்கு முக்கியக் காரணம் நோய் முற்றுவதுதான், சேமித்து வைக்கும் அணுக்கள் குறைந்துவிடுகின்றன. வேலை தடைப்படும்போது மருந்தைத் தள்ளிப்போட்டு ஆகப்போவது ஒன்றுமில்லை. திடீரென்று நிறுத்துவதுதான் ஆபத்து: காய்ச்சலும் கடும் இறுக்கமும் வந்து ஐ.சி.யூ. வரை போகலாம். வேறு அறுவை சிகிச்சைக்குப் படுத்தாலும் இந்த மாத்திரை நேரம் தவறக் கூடாது என்று வார்டில் சொல்லிவையுங்கள். வாந்திக்கு மெட்டோகுளோப்ரமைடு வேண்டாம் என்பதையும்தான்.

மாத்திரைக்கு நன்றாகக் கேட்டும், நாளுக்குள் ஏற்ற இறக்கம் தாங்க முடியாமல் போனவர்களுக்கு, மூளையின் ஆழத்தில் மெல்லிய மின்கம்பி வைத்துத் தூண்டும் அறுவை சிகிச்சை உண்டு. 1987இல் பிரான்சின் கிரெனோபிளில் பெனாபிட் தொடங்கிவைத்தது. நோயை அது குணப்படுத்தாது, மடையைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தும். நாகர்கோவிலிலிருந்து ஏறக்குறைய 70 கி.மீ. தூரத்தில் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் இந்த நோய்களுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. ஆனால் முதல் நாளே ரயில் ஏற வேண்டாம். ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி போன்ற பக்கத்து இடத்திலேயே தொடங்கலாம்.

போகும்போது மருந்துப் பையோடு ஒரு வீடியோவும் எடுத்துப்போங்கள். ஒரு நிமிடம் போதும். முகம் தெரிய, சும்மா உட்கார்ந்திருப்பது, எழுந்து நடந்து திரும்புவது, ஒரு கிளாஸ் தண்ணீர் குடிப்பது. மருத்துவர் முன்னால் பலருக்கு நடையே மாறிவிடும், வீட்டு முற்றத்தில் நடக்கும் நடைதான் எங்களுக்கு வேண்டும்.

மாமா இப்போது நாளைக்கு நான்கு தடவை மாத்திரை போடுகிறார், கைபேசியில் அலாரம் வைத்து. கல்யாணக் கடிதங்களுக்கு விலாசம் எழுதும் வேலையை யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. காலை மாத்திரை போட்டு முக்கால் மணி நேரம் கழித்துத்தான் பேனாவை எடுப்பார். முப்பது, நாற்பது கவர் ஆனதும் பின்கோடு சுருங்கத் தொடங்கும். பேனாவை மூடி வைத்துவிட்டு மத்தியான மாத்திரைக்குக் காத்திருப்பார்.